சேலத்தில் வளர்த்து ஏற்காட்டில் காட்ட: போன்சாய்க்கு எந்த மரம்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் ஏற்காடு கோடை விழாவுக்குப் போன இடத்தில், நர்சரிக்காரர் ஒருவர் பரப்பி வைத்திருந்த போன்சாய்கள், அதாவது ஆழமில்லாத தட்டில் குறுக்கி வளர்த்த மரங்கள், உங்கள் கண்ணைப் பறித்திருக்கின்றன. வீடு சேலம் சூரமங்கலத்தில், மொட்டை மாடியில் வெயிலுக்குக் குறைவில்லை. சில ஆண்டுகளில் நீங்களும் ஒரு மரத்தைக் கண்காட்சியில் வைக்க வேண்டும் என்று ஆசை. பைன், மேப்பிள் போன்ற ஜப்பானிய மரங்களை வாங்கலாமா, நம் மரங்களில் எது தேறும், 'வயது 20' என்று சீட்டு ஒட்டிய ஆலமரத்துக்குச் சொன்ன விலை தகுமா, பாலைவன ரோஜா என்கிற அடீனியத்தைப் போன்சாய் என்று ஏற்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பைன், மேப்பிள் இரண்டும் வேண்டாம். நீங்கள் ஏற்காட்டிலேயே குடியிருந்தாலும் மேப்பிள் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சீட்டில் எழுதிய வயதுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அடீனியத்தைப் பிறகு பார்ப்போம். எந்த மரம் தேறும் என்ற கேள்விக்குத்தான் நீளமான பதில் தேவைப்படுகிறது. சேலத்தில் வளர்த்து ஏற்காட்டில் காட்டுவது தனி விவகாரம்.

சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். நடுவில் முப்பது கிலோமீட்டர் சாலை, இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆக மேலுக்கும் கீழுக்கும் ஏழெட்டு டிகிரி வித்தியாசம். மண்ணும் தலைகீழாக மாறுகிறது. அடிவாரத்தை ஒட்டிய வெள்ளைக்கல் பூமி மேக்னசைட் பூமி. அந்த வட்டாரத்து ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பும் காரத்தன்மையும் அதிகம். மலை ஏறிவிட்டால் பாக்சைட் என்ற அலுமினியத் தாது கலந்த செம்மண், அமிலத்தன்மை உடையது. காப்பிக்கு ஏற்றதும் அதுதான். மேலே வளர்ந்த தொட்டிச் செடியை நீங்கள் காரில் வைத்துக் கீழே இறக்கும்போது வெயில், காற்றின் ஈரம், தண்ணீர் மூன்றும் ஒரே மாலையில் மாறிவிடுகின்றன. தரையில் வேரூன்றிய மரமாக இருந்தால் ஆழத்தில் துழாவிப் பிழைத்துக்கொள்ளும். மூன்று விரல் ஆழத் தட்டில் நிற்கும் மரத்துக்கு ஒதுங்க இடம் கிடையாது.

இனி ஜப்பானிய மரங்கள். உலகில் போன்சாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் கண்காட்சி 'கொகுஃபு-தென்'. 1934-இல் தொடங்கியது, டோக்கியோவில் உவேனோ பூங்காவில் இருக்கும் கலை அருங்காட்சியகத்தில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடக்கிறது. பிப்ரவரி அங்கே கடுங்குளிர். மேப்பிள் போன்ற இலையுதிர் மரங்கள் ஓர் இலைகூட இல்லாமல் நிற்கும். அப்படி வெறும் கிளையாக வைப்பதில் ஒரு பிடிவாதம் இருக்கிறது: இலை இருந்தால் கிளை அமைப்பில் உள்ள ஓட்டைகள் மறைந்துபோகும், இலை உதிர்ந்தால் முப்பது நாற்பது ஆண்டுகளாகக் கிளையைக் கத்தரித்து உருவாக்கிய கவாத்து வேலை முழுவதும் வெட்டவெளிச்சமாகும். அந்தக் குளிர் கண்காட்சிக்கு மட்டும் உதவுவதில்லை. மேப்பிள் ஆண்டுக்குச் சில வாரங்களாவது நன்றாகக் குளிரில் உறங்கினால்தான் மறுபடி ஒழுங்காகத் துளிர்க்கும். ஏற்காட்டின் குளிர்காலம் பதின்மூன்று டிகிரி பக்கம் வந்து நின்றுவிடுகிறது. நமக்குச் சால்வை போர்த்திக்கொள்ளத் தோன்றும். மேப்பிளுக்கு அது உறக்கம் வரும் குளிரே அல்ல. முதல் ஆண்டு துளிர்க்கும், இரண்டாம் ஆண்டு இலை சிறுத்து ஓரம் கருகும், அதற்குப் பிறகு நர்சரிக்காரரைத் திட்டிப் பயனில்லை. ஜப்பானியக் கரும்பைனும் வெண்பைனும் அதே கதை, கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். ஜூனிப்பர் மட்டும் மலையில் நல்ல வெயில் படும் இடத்தில் தாக்குப்பிடிக்கும். சூரமங்கலம் மாடியில் அதை வைக்காதீர்கள்.

ஊசியிலை இல்லாமல் மனம் ஆறாது என்றால் சவுக்கு இருக்கிறது. நாம் ஊசி என்று நினைப்பது சவுக்கின் இலை அல்ல, கணுக்கணுவான மெல்லிய கிளை; இலைகள் அந்தக் கணுக்களில் செதில்களாகச் சுருங்கி ஒட்டியிருக்கின்றன. தைவானிலும் இந்தோனேசியாவிலும் சவுக்கை வைத்து, தூரத்தில் பார்த்தால் பைன் என்று சத்தியம் செய்யும்படி மரங்களை உருவாக்கியிருக்கிறார்கள். வெயில் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். தண்ணீர் மட்டும் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. தவறினால் ஒரு கிளை முழுவதாகக் காய்ந்துபோகும், அந்த இடத்தில் திரும்பத் துளிர்ப்பது அபூர்வம். வெளியூர் அடிக்கடி போகிறவர்களுக்கு இது ஆகாது.

நம் மரங்களில் முதல் இடம் கல்லிச்சிக்கு. ஆலுக்கும் அரசுக்கும் சொந்தக்கார மரம், ஆனால் இலை சிறியது, தடிப்பானது, பளபளப்பானது. ஆலும் அரசும் நம் மனதுக்கு நெருக்கமானவை என்பது உண்மைதான். ஆனாலும் தட்டில் அவற்றின் இலை ஓரளவுக்கு மேல் சிறுப்பதில்லை. ஒரு முழ உயரமுள்ள மரத்தில் உள்ளங்கை அகல இலை தொங்கினால் மரம் என்ற மயக்கம் கலைந்து தொட்டிச் செடியாகிவிடுகிறது. கல்லிச்சியை எவ்வளவு வெட்டினாலும் பழைய கட்டையிலிருந்தே துளிர்க்கும், காயத்தை மூடிக்கொள்ளும், காற்றில் ஈரம் இருந்தால் விழுது விடும். இத்தாலியில் மிலான் நகருக்கு அருகே உள்ள கிரெஸ்பி போன்சாய் அருங்காட்சியகத்தில் பெருமைக்குரிய மரமாக நடுவில் நிற்பதும் இந்த இச்சி இனம்தான். ஆயிரம் வயது என்கிறார்கள். நம் ஊர்க் கிணற்றுச் சுவரில் முளைப்பதை அங்கே கண்ணாடிக் கூரைக்குக் கீழே வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

கிணற்றுச் சுவர் என்று சும்மா சொல்லவில்லை. பறவை எச்சத்தில் விழுந்த இச்சி விதை பழைய வீட்டுச் சுவரிலும் பாலத்து இடுக்கிலும் முளைத்து, மண் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் குறுகியே நிற்கும். அடிமரம் தடித்திருக்கும், உயரம் இருக்காது, வேர்கள் சுவரோடு ஒட்டித் தட்டையாகப் பரவியிருக்கும். தொட்டியில் பதினைந்து ஆண்டு பாடுபட்டாலும் இந்த வேர்ப் பரப்பு வராது. சேலத்தில் பழைய வீடுகளை இடித்துக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் சொல்லி வையுங்கள். கொத்தனார் அதைப் பிடுங்கி எறியத்தான் போகிறார். சுவரை உடைக்கும்போது உளியால் வேரோடு பெயர்த்து எடுங்கள். சல்லிவேர் போதிய அளவு வராவிட்டாலும் பரவாயில்லை. வெட்டிய இடத்தில் பால் வடிந்து நிற்கும்வரை பொறுத்து, கழுவி, ஆற்று மணலில் நட்டு, மேலே பாலிதீன் பையைக் கவிழ்த்து நிழலில் வைத்தால் வெப்பமான மாதங்களில் துளிர்த்துவிடும். மார்கழியில் இதைச் செய்யாதீர்கள். இச்சி அப்போது சோம்பிக் கிடக்கும், வெட்டிய வேர் அழுகும்.

இதே ஆசையில் மலைக்காட்டுக்குள் கடப்பாரையோடு போகிறவர்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பெரும்பகுதி காப்புக்காடு. அங்கே ஒரு செடியைத் தோண்டுவதும் 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம்தான். சட்டத்தை விட்டாலும், பாறை இடுக்கில் நூறாண்டாக நின்ற ஒரு காட்டுமரத்தைப் பெயர்த்தெடுத்து மாடியில் சாகடிப்பது எனக்கு ஒப்பவே ஒப்பாது. பட்டா நிலம், எஸ்டேட் நிலம், வீட்டுச் சுவர், வேலி ஆகியவையே போதும்.

வேலி என்றதும் கிளுவை. சேலம், நாமக்கல் பக்கம் தோட்டம் உள்ளவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிளுவைப் போத்து நட்டு உயிர்வேலி போட்டார்கள். இப்போது கம்பிவேலிக்காக அவற்றைப் பிடுங்கி வரப்பில் குவிக்கிறார்கள். அந்தக் குவியலில் முழங்கை தடிமனுள்ள, வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு முடிச்சேறிய கட்டைகள் கிடைக்கும். ஆண்டுதோறும் அரிவாள் பட்ட வேலிக் கட்டை என்பது, தெரியாமலே ஒருவர் செய்துவைத்த கவாத்து. இலை சின்னஞ்சிறியது. வறட்சியில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு வெறும் கிளையும் முள்ளுமாக நிற்கும். டோக்கியோவில் பிப்ரவரியில் மேப்பிளைப் பார்த்து மெய்மறப்பது எதற்காகவோ, அதைக் கிளுவை நமக்கு மாசியிலும் பங்குனியிலும் காட்டுகிறது. அப்படியும் நம் கண்காட்சி மேசைகளில் கிளுவை அபூர்வம். முள்வேலியைத் தட்டில் வைப்பதா என்ற கூச்சம்தான் காரணம் என்று நினைக்கிறேன். தண்ணீர் அதிகமானால் கட்டை அழுகும் என்ற ஒன்றைத் தவிர இதில் வேறு சிக்கல் இல்லை.

புளி தெரிந்த மரம். ஆனாலும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். சின்ன வயதிலேயே பட்டை வெடித்து முதுமை காட்டும். சிற்றிலைகள் இயல்பாகவே சிறியவை. விதை போட்டால் அடிமரம் பருக்க நெடுங்காலம் ஆகும். ஆகவே முதலில் தரையில் விட்டு வளர்த்துப் பிறகு வெட்டித் தட்டுக்கு மாற்ற வேண்டும். கிளை முற்றிவிட்டால் வளைத்தால் ஒடியும், பச்சையாக இருக்கும்போதே கம்பி சுற்றிவிடுங்கள். காய்த்தால் சிரிப்பாக இருக்கும். இலையைச் சிறுக்க வைக்கலாம், பூவையும் காயையும் சிறுக்க வைக்க முடியாது. ஒரு முழ மரத்தில் முழு நீளப் புளியங்காய் தொங்கும். மாம்பழத்து ஊர்க்காரர் என்பதால் மல்கோவாவை இப்படி வளர்க்கலாமா என்று நீங்களும் ஒருநாள் கேட்பீர்கள். இந்தக் காரணத்துக்காகவே வேண்டாம். மா இலையும் அடங்காது. பழம் வேண்டுமென்றால் மாதுளை எடுங்கள்: சிறிய இலை, முறுக்கேறிய தண்டு, சேலத்து வெயிலுக்கு அஞ்சாது. ஜப்பானியர்கள்கூட மாதுளையின் முறுக்குக்காகவே அதை விரும்பி வளர்க்கிறார்கள்.

பராய் மரத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். காவிரிக்கரைத் திருப்பராய்த்துறையில் தலமரம். உப்புத்தாள் போலச் சொரசொரப்பான இலை. தாய்லாந்தில் இதைக் கத்தரித்து உருவம் செய்வது பழைய கலை, இதன் பட்டையிலிருந்து ஏடுகூடச் செய்தார்கள். இங்கே வயலோரத்தில் ஆடு கடித்துக் கடித்துப் புதராக நிற்கும். ஆடு கடித்த பராயைப் பார்த்தால் விடாதீர்கள். இன்னொன்று, வெளிநாட்டு நர்சரிகளில் 'ஃபுக்கியன் டீ' என்று விற்கிறார்களே, அது நம் புதர்க்காட்டுச் செடி; குரங்கு வெற்றிலை என்பார்கள். ஐரோப்பாவில் வீட்டுக்குள் விளக்கு போட்டு அதை வளர்க்கிறார்கள். சிறிய இலை, வெள்ளைப் பூ, செம்மணிப் பழம், எல்லாம் சிறியதாகவே இயற்கையில் அமைந்துவிட்டது. கொடுக்காப்புளி, விளா, காட்டு எலுமிச்சை, மகிழ் எல்லாமே தட்டுக்கு வரும். காகிதப்பூவும் வரும், பூத்த அன்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், பூ உதிர்ந்தபின் கிளை அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

மலைமேல் தெரிந்தவர்கள் இருந்தால் காப்பியைப் பாருங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்டதிலிருந்து சேர்வராயன் மலையின் அடையாளமே அதுதான், போன்சாய்க்காரர்கள் மட்டும் அதைக் கண்டுகொள்வதில்லை. எஸ்டேட்டில் பழைய அராபிகா செடிகளைப் பிடுங்கிப் புதிது நடும்போது அடிக்கட்டைகள் விறகுக்குப் போகின்றன. அவற்றில் நல்ல கட்டையைக் கேட்டு வாங்கலாம். ஆனால் காப்பி ஒரு விதத்தில் கண்டிப்பான செடி. நேராக மேலே போகும் தண்டு வேறு, பக்கவாட்டில் படுக்கையாகப் போகும் கிளை வேறு. ஒரு கணுவில் படுக்கைக் கிளை ஒரு தடவைதான் பிறக்கும். அதை வெட்டியெறிந்தால் அந்த இடத்திலிருந்து மறுபடி நேராகக் கிளம்பும் நீர்ப்போத்துதான் வருமே தவிரப் படுக்கைக் கிளை வராது. இச்சியில் பழகிய கையோடு காப்பியைக் கவாத்து செய்தால் மொட்டைக் கம்பம்தான் மிஞ்சும். எந்தக் கிளை வேண்டும் என்று முடிவு செய்தபிறகே கத்தரியைத் தொடுங்கள். இலை பெரியது என்பதால் சிறிய அளவு மரத்துக்கு ஒத்துவராது. இரண்டடிக்கு மேல் வைத்தால் கணக்குச் சரியாகும். கோடை மழைக்குப் பின் வெள்ளையாகப் பூத்து மணக்கும்போது இலை அளவை யாரும் கேட்க மாட்டார்கள். காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தை மட்டும் எடுக்காதீர்கள். பிளவுபட்ட அந்தப் பெரிய இலை எதற்கும் அடங்காது. அசேலியா என்ற பூச்செடிக்கு மலைமேல் உள்ள அமில மண்ணும் மழைநீரும் பிடிக்கும். நம் மாடித் தண்ணீரில் இரண்டு மாதத்தில் இலை வெளிறிவிடும்.

இப்போது அடீனியம். பருத்த அடி, சிறிய உயரம், அழகான பூ, சேலத்து வெயில் என்றால் கொள்ளை ஆசை. கண்காட்சிகளில் வைக்கிறார்கள், பரிசும் வாங்குகிறது. என் கருத்தைக் கேட்டால், அதைத் தனிப் பிரிவாக வைப்பதே நியாயம். தண்ணீரைத் தேக்கிவைத்த கிழங்கு போன்ற அடியும் அதன்மேல் நான்கைந்து சதைக் கிளைகளும் இருக்கின்றன. முதுமரம் ஒன்றைத் தூரத்திலிருந்து பார்க்கிறோம் என்ற எண்ணம் அதைப் பார்த்து வருவதில்லை. ஜேடு விஷயம் வேறு. ஆப்பிரிக்காவின் சிற்றிலை ஜேடு சதைச் செடிதான் என்றாலும், கிளைமேல் கிளையாகப் பிரித்து முழு மரமாக்கலாம். நீங்கள் தொடங்க வேண்டியதே அதில்தான். நான்கு நாள் தண்ணீர் மறந்தாலும் மன்னிக்கும், கவாத்து கற்றுக்கொள்ள நல்ல பலகை.

சீட்டு ஒட்டிய ஆலமரத்துக்கு வருவோம். வயதுக்கு ஆவணம் உண்டென்றால் பேச்சே வேறு. வாஷிங்டனில் உள்ள தேசிய போன்சாய் அருங்காட்சியகத்தில் ஒரு வெண்பைன் இருக்கிறது. 1625-இலிருந்து தொட்டியில் வளர்வது. ஹிரோஷிமாவின் யமாகி குடும்பத்தார் 1976-இல் அமெரிக்காவுக்குப் பரிசாக அனுப்பியது. 1945-இல் அணுகுண்டு விழுந்தபோது அங்கிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில், அவர்கள் வீட்டு மதிலுக்குப் பின்னால் தப்பிய மரம் அது என்பது 2001-இல் பேரப்பிள்ளைகள் நேரில் போய்ச் சொன்னபிறகுதான் அங்கே தெரியவந்தது. குடும்பத்தோடு தலைமுறை தலைமுறையாக வந்த மரத்துக்கு வயது சொல்லலாம். நர்சரியில் நீங்கள் பார்த்தது தரையில் ஐந்தாறு ஆண்டு வளர்த்துத் தடிக்கவைத்து, சென்ற தையில் வெட்டித் தட்டில் வைத்ததாகவும் இருக்கலாம். வெப்ப நாட்டில் இச்சி இனங்கள் அவ்வளவு வேகமாகப் பருக்கும். 'ஜின்செங் ஃபைகஸ்' என்று கிழங்குக் கால்களோடு விற்பதும் இச்சி நாற்றுதான். பருத்த வேரின்மேல் சிற்றிலை வகையை ஒட்டுக்கட்டியது. பார்க்க வேடிக்கையாக இருக்கும், நல்ல கண்காட்சியில் எடுபடாது.

விலை பேசுமுன் கண்ணை மண்ணில் வையுங்கள். அடிமரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் வேர் இறங்கியிருக்கிறதா? தண்டு மேலே போகப்போகச் சீராக மெலிகிறதா, அல்லது குச்சியை நறுக்கி நட்டது மாதிரி ஒரே தடிமனா? பெரிய வெட்டுக்காயம் முன்பக்கம் தெரிகிறதா? தழும்பாகக் கம்பி பதிந்த தடம் இருக்கிறதா? நடுவர்கள் பார்ப்பதும் இந்த வரிசையில்தான். வேர், தண்டு, முதல் கிளை, பிறகு கிளைப் பிரிவுகள், கடைசியில் தட்டு. வேரும் தண்டும் கெட்டிருந்தால் திருத்தப் பத்தாண்டு ஆகும். கிளை கெட்டிருந்தால் இச்சியில் மூன்று ஆண்டில் புதிதாக உண்டாக்கலாம். எனவே இலை அடர்த்தியைப் பார்த்து விலை கொடுக்காதீர்கள்.

வளர்ப்பில் சேலத்துக்கென்றே சில உண்டு. தட்டைத் தரையில் வைக்காதீர்கள். சித்திரையில் தளத்தின் சூடு வேரை அவித்துவிடும். கால் வைத்த பலகைமேல் வையுங்கள், பங்குனி முதல் வைகாசி வரை பிற்பகலுக்கு மட்டும் நிழல்வலை போதும். மண்கலவையில் பாதிக்கு மேல் செங்கல் சல்லியாக இருக்கட்டும், மிளகு அளவில் உடைத்து, தூளைச் சலித்து எறிந்தது. ஜப்பானிலிருந்து 'அகடமா' மண் வரவழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். செங்கல் சூளை இருக்கும் ஊரில் அது வீண் செலவு. எம்-சாண்டைக் கலக்காதீர்கள், அதன் மாவு வடிகாலை அடைத்துவிடும். ஆழ்குழாய்த் தண்ணீரைத் தவிர வழியில்லை என்றால், மழை பெய்யும்போது தட்டுகளை நனையவிட்டு உப்பைக் கழுவுங்கள். காவிரிக் குழாய்த் தண்ணீர் கிடைக்கும் நாளில் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தட்டின் விளிம்பில் வெள்ளைக் கோடு படிந்தால் உப்பைக் கழுவத் தாமதித்துவிட்டீர்கள் என்று பொருள். கம்பிக்கு அலுமினியம் போதும். அந்த அலுமினியத்துக்கும் நம் மலைக்கும் உறவு உண்டு: ஒருகாலத்தில் ஏற்காட்டில் பாக்சைட் வெட்டி மேட்டூரில் உருக்கினார்கள். மழைக்காலத்தில் இச்சியில் சுற்றிய கம்பி ஒரு மாதத்துக்குள் பட்டையில் பதியத் தொடங்கும், வாரம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.

நல்ல மரங்களைப் பார்த்துக் கண் பழக்குவது தனி வேலை. பெங்களூரு லால்பாக்கில் குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி நடக்கும் மலர்க் கண்காட்சிகளில் போன்சாயும் இடம்பெறும். சேலத்திலிருந்து காலை பஸ் ஏறினால் இரவுக்குள் திரும்பிவிடலாம். மைசூரில் கணபதி சச்சிதானந்த ஆசிரமத்தின் கிஷ்கிந்தா மூலிகா போன்சாய்த் தோட்டத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். வெயில் நாட்டு மரங்களை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்பது அங்கே தெரியும்.

உங்கள் மரம் தயாரான ஆண்டில் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். நம் மரங்கள் பெரும்பாலும் தாமாக இலை உதிர்ப்பதில்லை. ஆகவே நாம்தான் உதிர்க்க வேண்டும். கண்காட்சி மே கடைசியில் என்றால் ஏப்ரல் கடைசி வாரத்தில் இச்சியின் இலைகளைக் காம்பில் கத்தரித்து நீக்குங்கள், நிகழ்ச்சி நாளில் புதிய, சிறிய, தூசு படாத இலைகளோடு நிற்கும். அதற்கு முந்தைய இரண்டு மாதம் நன்றாக உரம் கொடுத்துத் தெம்பாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். அந்த ஆண்டு தட்டு மாற்றிய மரத்திலும் நோஞ்சான் மரத்திலும் வேண்டாம். தட்டின் நீளம் மர உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஆழம் அடிமரத்தின் தடிமன் அளவு என்பது வழக்கமான விகிதம். இச்சிக்கும் புளிக்கும் மெருகிடாத மண்நிறத் தட்டு, மாதுளைக்கும் காகிதப்பூவுக்கும் வேண்டுமானால் நீலமோ வெள்ளையோ. மண்ணின்மேல் அழகுக்கு வைக்கும் பாசியைக் கடைசி வாரத்தில் ஒட்டுங்கள், அதற்கு முன் ஒட்டினால் சேலத்தில் பொரிந்துபோகும். மரத்தடியில் பிளாஸ்டிக் யானை, குட்டிக் கோபுரம், தூண்டில் போடும் கிழவர் யாரும் வேண்டாம். சீனர்களின் பழைய மரபில் பொம்மைகளுக்கு இடமுண்டு, அதை முறையாகச் செய்கிறவர்கள் செய்யட்டும். நம் மேசைகளில் அவை வேர் சரியில்லாத இடத்தை மறைக்கவே பயன்படுகின்றன. பக்கத்தில் ஒரு சின்னத் தட்டில் பெரணியோ கோரையோ வைத்தால் போதும்.

மலை ஏற்றும்போது மரத்தை முதல் நாள் மாலை நன்றாக நனைத்து, காலையில் தட்டோடு சேர்த்து அடிமரத்தைத் துணி வைத்துக் கயிற்றால் பெட்டியில் இறுக்குங்கள். இருபது வளைவிலும் சாய்வது மண்ணுக்கு மேலே உள்ள பாரம்தான். கிளையைக் கட்டிப் பயனில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டால் காற்று புது இலைகளைக் கிழித்துவிடும். மேலே பனிமூட்டத்தில் இரண்டு மூன்று நாள் சொகுசாக இருந்த மரத்தைத் திரும்ப இறக்கியதும் நேராக மாடி வெயிலுக்கு ஏற்றாதீர்கள். ஒரு வாரம் கிழக்குப் பக்க நிழலில் வைத்துக் காலை, மாலை இலைமேல் தண்ணீர் தெளியுங்கள். பாசியை வழித்து எடுத்துவிட்டு, மண் மூச்சுவிடும்படி மேல்மண்ணை லேசாகக் கிளறி, பத்து நாள் கழித்து உரம் வையுங்கள்.